முகம் மட்டும்

தாடையைச் சுற்றிக் கட்டிய துணி மூன்றாவது முறையும் நழுவியது.

“இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிப்பா. பயப்படாமப் பிடி. அவருக்கு வலிக்காது,” என்றார் எதிர் வீட்டு நர்ஸம்மா. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் அந்தத் தெருவில் ஊசி போடுவதும், உயிர் போய்விட்டதா இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் இன்னும் அவருடைய வேலைதான்.

அவன் அப்பாவின் மோவாயை இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கிக் குனிந்து நின்றான். நாலு நாள் தாடி குத்தியது. வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. அவன் குனியக் குனிய அது அப்பாவின் நெற்றியில் இடித்தது. நர்ஸம்மா முடிச்சை நிறுத்திவிட்டு அட்டையை எடுத்து அவன் சட்டைக்குள் போட்டார். பிறகு ஒரே இழுப்பில் கட்டி முடித்தார்.

“ஆந்தை, கையை எடுத்துடலாம்.”

எடுத்தான். வாய் மூடியபடி நின்றது.

ஆந்தை என்பது அப்பா வைத்த பெயர். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிப் போய்க் காலையில் வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்று கேட்பார். முதலில் கோபம் வந்தது. ஏழு வருடத்தில் அது தெரு முழுக்கப் பரவி, அக்கா முதல் நர்ஸம்மா வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாற்பது வருடம் லென்ஸ் தேய்த்தவர் அப்பா. அவருடைய கண்ணாடியும் கனமானதுதான். தூங்கும்போதுகூடச் சில நாள் கழற்ற மாட்டார். கழற்றினால் காது கேட்காது என்பார். வெகு காலம் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாயசைவைப் பார்த்துத்தான் பாதி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அம்மா கண்ணாடியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அவனிடம் நீட்டினாள்.

“இத வச்சுக்கோ. சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி போட்டு விடு. இப்பவே போட்டா வர்றவங்க தொட்டுத் தள்ளிடுவாங்க.”

“சரிம்மா.”

“இன்னொண்ணு. யாரும் படம் எடுக்கக் கூடாது. அடையாள அட்டைக்கே கண்ணாடியக் கழட்ட மாட்டேன்னு சண்ட போட்டுட்டு வந்த மனுஷன். வாயக் கட்டி, மூக்குல பஞ்ச வச்சு, இந்தக் கோலத்துல அவரு ஊரு முழுக்க சுத்த வேணாம். நீ பாத்துக்கோ.”

“பாத்துக்கறேன்.”

ஆந்தை பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கண் எரிந்தது. தூங்கி எழுந்து இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

படம் எடுக்க வேண்டாம் என்பதை அவனிடம் சொன்னது ஒரு விதத்தில் சரியான ஆளிடம் சொன்னதுதான். அவன் வேலையே படம் பார்ப்பது. உலகத்தில் யார் யாரோ எதையெதையோ போனில் எடுத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்து யாராவது முகம் சுளித்துப் புகார் கொடுத்தால், அந்தப் படம் ஒரு வரிசையில் வந்து நிற்கும். ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கூடத்தில், இருநூறு பேர் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். ஒரு படத்துக்கு எட்டு விநாடி. ஒன்று என்ற எண்ணை அழுத்தினால் இருக்கட்டும். இரண்டு என்றால் மங்கலாக்கு. மூன்று என்றால் நீக்கிவிடு. மூன்று போட்டால் மட்டும் ‘படத்தில் இருப்பது’ என்று ஒரு கட்டம் வரும். அதில் ஒரு வரி எழுத வேண்டும். ‘ஆண், வயது ஐம்பது, தலையில் காயம்.’ அவ்வளவுதான். வருத்தம் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

சாவு வீட்டுப் படங்கள் நிறைய வரும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விரலை நீட்டிச் சிரிக்கிறவர்கள், செத்தவரின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்கிறவர்கள், புதுச் சட்டை தெரிவதற்காகத் துக்கத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தவர்கள். ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் பிணங்களைக் கடந்து வந்தான் என்று கணக்கில்லை. கண் மூடியிருக்கிறதா, காயம் இருக்கிறதா, இரண்டே கேள்வி. காலையில் வீட்டுக்குள் நுழைந்து அப்பாவைப் பார்த்ததும் அவனுடைய வலது கை ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் தானாக ஒரு தட்டுத் தட்டியது. ஒன்று. இருக்கட்டும். தட்டிய பிறகுதான் அதை அவனே கவனித்தான்.

எட்டரை மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அவள் இருக்கும் நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக் கூடத்தில் வேலை. வேலைக்குள் நுழையும்போது போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டிருந்தாள். பின்னால் இயந்திரங்கள் சுற்றும் சத்தம்.

“டேய் ஆந்தை.”

“ம்.”

“எப்போ?”

“அஞ்சே முக்கால் இருக்கும். நான் அப்ப வேலைல இருந்தேன். அம்மாதான் பக்கத்துல.”

“கஷ்டப்பட்டாரா?”

“இல்லன்னாங்க அம்மா. தண்ணி கேட்டாராம். கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”



“எத்தன மணிக்கு எடுக்கறீங்க?”

“மூணு. சித்தப்பா பேசி முடிச்சிட்டார்.”

“ரெண்டு நாளைக்கு ஃபிளைட்டே இல்லடா. வந்தாலும் யாரப் பாக்கறது.” மூக்கை உறிஞ்சினாள். “முகத்த ஒரு தடவ காமி. வீடியோல வா. அழ மாட்டேன். முகம் மட்டும் போதும்.”

அம்மா வேண்டாம் என்றுவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா அம்மாவைக் கூப்பிடச் சொல்வாள். அம்மா பேச ஆரம்பித்தால் உடைவாள். இரண்டு பேருக்கும் நடுவில் இவன் நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அவன் காலையில் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அப்பா தினமும் கேட்கும் முதல் கேள்வி ‘அக்கா பேசினாளா?’ என்பதுதான். மாத்திரை கொடுப்பவன், குளிப்பாட்டுபவன், நகம் வெட்டுபவன் எதிரில் நின்றுகொண்டிருப்பான். அக்கா பேசினாளா.

“கேமரா உடைஞ்சு கெடக்குக்கா,” என்றான்.

“வேற யாரு போன்லயாவது?”

“பாக்கறேன்.”

“பாரு. நான் இப்ப உள்ள போயாகணும். நடுவுல அஞ்சு நிமிஷம் விடுவாங்க, அப்ப எடுத்துப் பாப்பேன்.”

போனை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். ஒரு மூலையில் மட்டும் கீறல். கேமராவுக்கு ஒன்றுமில்லை.

பத்து மணிக்குச் சவப்பெட்டி வந்தது. அப்பாவை அதில் படுக்க வைத்து முன்னறையில் இரண்டு ஸ்டூல் மேல் தூக்கி வைத்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசலில் இறங்கின. ஆந்தை பெட்டியின் தலைமாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அழ வருகிறவர்களைக் காட்டிலும் அவர்களுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பைக்குள் போகிற கை, போனோடு வெளியே வருகிறதா, கைக்குட்டையோடு வருகிறதா.

அப்பா வேலை பார்த்த கடையின் முதலாளி ஒரு மலர் வளையத்தை ஆள் மூலம் அனுப்பியிருந்தார். வந்த ஆள் அதைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தயங்கினான்.

“தம்பி, வளையத்த மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா? வச்சதுக்கு அத்தாட்சி காட்டணும். இல்லன்னா நான் வழியில வித்துட்டேன்னு சொல்லுவார்.”

“முகம் வரக் கூடாது.”

“வராது.” குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். எடுத்ததைக் காட்டினான். “கால் கட்டை விரல் வந்துடுச்சு. பரவாயில்லையா?”

கட்டை விரலைப் பற்றி எந்த விதியிலும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “இருக்கட்டும்,” என்றான்.

ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. “இந்தக் கண்ணாடி அவர் தேய்ச்சுக் குடுத்ததுதான். பன்னெண்டு வருஷமாச்சு, ஒரு கீறல் இல்ல,” என்று தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். “அவரோட ஒரு படம் எடுத்துக்கலாமா?”

“வேணாங்க. வீட்ல விருப்பப்படல.”

“சரிப்பா.” கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு அசையாமல் நின்று அப்பாவின் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் கனைத்த பிறகுதான் நகர்ந்தாள். ஆந்தை அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் உண்மையில் பயந்தது லைவுக்கு. லைவ் சித்தப்பாவின் மகன். எதையும் நேரலையில் காட்டாவிட்டால் அவனுக்கு நடந்த மாதிரியே இருக்காது. நாய் குட்டி போட்டதை நாற்பது நிமிடம் காட்டியவன். வந்ததும் ஆந்தை அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“இன்னிக்கு மட்டும் வேணாம்டா.”

“சேச்சே. என்ன பத்தி என்ன நெனச்ச? என் பெரியப்பாடா அவரு,” என்று லைவ் அவன் தோளைப் பிடித்தான். கண் சிவந்திருந்தது. அழுதுவிட்டுத்தான் வந்திருந்தான். ஆந்தைக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் நர்ஸம்மா ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்து, “மாடிப்படில போய் உக்காந்து குடி. நான் இங்க நிக்கறேன். இல்லன்னா அடுத்த துணி உனக்குத்தான் கட்டணும்,” என்று விரட்டினார். படியில் உட்கார்ந்து பாதி டீ குடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. லைவ் ஒரு படம் போட்டிருப்பதாகச் செய்தி.

அப்பாவின் முகம். கழுத்துக்கு மேலே மட்டும். தலையைச் சுற்றிய துணி, மூக்கில் பஞ்சு, கண்ணாடி இல்லாமல் திடீரென்று சின்னதாகிப்போன கண்கள். ‘பெரியப்பா. நேத்து வரைக்கும் என்னோட பேசிட்டிருந்தவர்’ என்று மேலே எழுதியிருந்தான். நேற்று அவன் இந்தப் பக்கமே வரவில்லை. அதற்குள் எண்பது பேர் பார்த்திருந்தார்கள். அழும் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. யாரோ ஒருவன் கட்டை விரலை உயர்த்தியிருந்தான்.

கீழே போய் லைவின் சட்டையைப் பிடிக்கலாம். சாவு வீட்டில் சண்டை என்றால் அதைப் படம் எடுக்க நாலு பேர் வருவார்கள். அதைவிட, போட்ட படத்தை நீக்க வைப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

வெளியில் இருப்பவர்கள் புகார் கொடுக்கும்போது ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். அது எந்த வரிசைக்கும் வராது. கொஞ்சம் விவரமானவர்கள் ‘துக்கம் தருகிறது’ என்பதை அழுத்துவார்கள். அது மூன்று நாள் ஆகும். ‘மனிதருக்கு எதிரான கொடுமை’ என்று ஒன்று கடைசியில் இருக்கிறது. அதை அழுத்தினால் படம் நேராக முதல் வரிசைக்கு வரும். அந்த வரிசையில் ஒரு முறை நீக்கினால் நீக்கியதுதான். திருப்பிக் கேட்க வழியில்லை, எங்கேயும் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

ஆந்தை கொடுமையை அழுத்தினான். பிறகு பெருசுக்கு ஒரு செய்தி அனுப்பினான். பெருசு அவனோடு வேலைக்குச் சேர்ந்தவன்தான். முப்பது வயதில் தலை முழுக்க நரைத்ததால் பெருசு. இப்போது பகல் நேரத்து மேற்பார்வையாளன், அதனால் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

‘கொடுமை வரிசையில் ஒன்று வரும். மூன்று போடு.’

‘உங்க வீடா?’

‘ஆமா.’

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. ‘போட்டாச்சு.’ கொஞ்சம் கழித்து இன்னொன்று. ‘உங்கப்பா தேய்ச்சுக் குடுத்த கண்ணாடிலதான்டா பாத்தேன்.’

ஆந்தை லைவின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். அன்று காலையிலிருந்து ஒரு வேலையாவது ஒழுங்காக முடிந்தது என்று தோன்றியது. சுவரில் தலையைச் சாய்த்தான். பத்து நிமிடம் தூங்கினானா, இருபதா, தெரியவில்லை. சித்தப்பா வந்து எழுப்பியபோது டம்ளர் கையிலேயே இருந்தது.

வண்டி மூன்றுக்கு என்றால் இரண்டே முக்காலுக்கே வந்து ஹாரன் அடித்தது. மூடப் போகிறார்கள் என்றதும் வாசலில் இருந்த அத்தனை பேரும் முன்னறைக்குள் நெருக்கினார்கள். அதுவரை பைக்குள் அடங்கியிருந்த போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன.

“கடைசியா ஒண்ணு எடுத்துக்கறேன்பா,” என்றார் சித்தப்பாவே.

“வேணாம் சித்தப்பா.”

“என் அண்ணன்டா.”

“அம்மா வேணாம்னாங்க சித்தப்பா. கீழ எறக்குங்க.”

அவர் இறக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொன்று எழுந்தது. ஆந்தை பெட்டியைச் சுற்றி ஓடினான். இந்தக் கையைத் தாழ்த்தினால் அந்தக் கை. வேணாங்க, ப்ளீஸ், உள்ள வைங்க, அண்ணே சொல்றேன்ல. ஒருவர் தோளுக்கு மேல் எட்டி எடுக்கப் பார்த்த போனை உள்ளங்கையால் மறைத்தான். அது யாரென்றுகூடப் பார்க்கவில்லை. யாரோ அம்மாவைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். ஆந்தை அப்போதும் கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

முதுகுக்குப் பின்னால் மரத்தோடு மரம் பொருந்தும் சத்தம் கேட்டது. அப்புறம் திருகாணிகள். ஆறு திருகாணி.

ஒரு படம்கூட யாரும் எடுக்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது வண்டியில் லைவ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை.

“என் கணக்கையே முடக்கிட்டானுங்கடா. முப்பது நாள். கொடுமையாம்! நான் என்ன பெரியப்பாவ அடிச்சேனா?”

ஆந்தை ஜன்னல் பக்கம் பார்த்தான். “உன்னப் போட வேணாம்னு சொன்னேன்ல.”

“நானா போட்டேன்? அக்கா கேட்டாங்கடா. காலைல எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாங்க. ஆந்தை போன் உடைஞ்சிருக்காம், நீயாவது அப்பா முகத்த ஒண்ணு எடுத்துப் போடுப்பான்னு. நர்ஸம்மா தண்ணி குடிக்கப் போனப்ப எடுத்துட்டேன். தப்பா?”

“அவளுக்கு மட்டும் அனுப்ப வேண்டியதுதானே?”

“போட்டா அவங்களும் பாத்துக்கப் போறாங்க. எல்லாருக்கும் தெரியட்டுமேன்னு...” லைவ் தலையைச் சொறிந்தான். “பாத்துட்டாங்களான்னு தெரியல.”

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“எடுத்தது போன்ல இருக்கும்ல?” என்றான் ஆந்தை.

“எங்கேருந்து? இதுல இடமே இல்ல. நேரா அதுலயே எடுத்து அதுலயே போட்டுருவேன். அங்கதான் பத்திரமா இருக்கும்னு.” போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். “பாரேன், எதிர்ப்புத் தெரிவிக்கலாம்னா அதுக்குப் பட்டனே இல்ல.”

ஆந்தை பார்க்கவில்லை. பட்டன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் பெருசுக்கு எழுதினான். ‘அந்தப் படம் திரும்பக் கிடைக்குமா?’ பதில் உடனே வந்தது. ‘கொடுமை வரிசைடா. உனக்குத் தெரியாததா.’

வீட்டில் முன்னறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். இரண்டு ஸ்டூலும் இருந்த இடத்தில் ஈரம். அம்மா சமையலறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“கண்ணாடி போட்டு விட்டியா?”

சட்டைப் பையில் பெட்டி கனத்தது. காலையிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. கையை விரித்துக்கொண்டு நின்றபோதும் இருந்திருக்கிறது.

“ம்,” என்றான்.

“அவளுக்குக் காமிச்சியா?”

“யாருக்கு?”

“அக்காவுக்குடா. வந்தவங்க போனவங்க எடுக்க வேணாம்னுதான் சொன்னேன். பெத்த பொண்ணு, அவ பாக்காம இருக்க முடியுமா. வீடியோல காமிச்சிருப்பன்னு நெனச்சேன்.”

“ம்.”

“அழுதாளா?”

“இல்ல.”

அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆந்தை அங்கே நிற்க முடியாமல் மொட்டை மாடிக்கு ஏறினான். கொடியில் அப்பாவின் இரண்டு பனியன்கள் காய்ந்து விறைத்திருந்தன. நேற்று மத்தியானம் அவன்தான் துவைத்துப் போட்டது. எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கொடிக்குக் கீழே உட்கார்ந்தான். வெயில் தணிந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

“டேய், லைவ் படம் போட்டிருந்தானே. காணோம்டா.”

“நீ பாத்தியா?”

“அஞ்சு நிமிஷம் விட்டாங்க. பாத்ரூம்ல நின்னு தெறந்தேன். சின்னதாத் தெரிஞ்சுது. அதப் பெருசு பண்ணிப் பாக்கறதுக்குள்ள மேற்பார்வைக்காரி கதவத் தட்டிட்டா. சரி, வேலை முடிஞ்சு நிதானமாப் பாத்துக்கலாம்னு பூட்டி வச்சுட்டேன். அஞ்சாறு மணி நேரமா அத நெனச்சுட்டேதான் துணிய மடிச்சேன். இப்பத் தெறந்தா இல்ல. அவனே அழிச்சுட்டானா?”

“அவன் அழிக்கல.”

“பின்ன?”

ஆந்தை பனியனின் நிழலைப் பார்த்தான். “நான்தான் அழிக்க வச்சேன். புகார் குடுத்து.”

பின்னால் இயந்திரச் சத்தம் இல்லை. அவள் வெளியில் எங்கேயோ நின்றிருக்க வேண்டும். ஒரு வண்டி கடந்து போனது.

“ஏன்டா?”

“அம்மா யாரும் எடுக்கக் கூடாதுன்னாங்க.”

“எனக்கும் காட்ட வேணாம்னாங்களா?”

“இல்ல.”

“உன் போன் உடைஞ்சிருக்குன்னியே.”

“உடையல.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்குச் சொல்ல அவனிடம் ஏழு வருடக் கணக்கு தயாராக இருந்தது. அவள் திட்டவில்லை.

“வேற யார்கிட்டயாவது இருக்கா?”

“இல்ல. ஒருத்தர விடல நான்.”

“சரி,” என்றாள். அந்தச் சரியில் எதுவும் இல்லை. “நீ பாத்தல்ல. எப்படி இருந்தார்னு சொல்லு,” என்றாள்.

வாயைத் திறந்தான். பெட்டியை மூடும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் அத்தனை நேரம் உட்கார்ந்தும் பார்த்த மாதிரி இல்லை. காலையில் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் இருந்தது. பழக்கப்பட்ட ஒரே வழியில் ஆரம்பித்தான்.

“ஆண். வயசு எழுபத்தி ரெண்டு. கண் மூடியிருக்கு. காயம் எதுவும் இல்ல.”

“டேய்.”

“இரு, அக்கா. எனக்கு இப்படித்தான் வருது.” மூச்சு விட்டான். “தாடி நாலு நாள் இருக்கும். வெள்ளை. மோவாய்ல மட்டும் கறுப்பு கொஞ்சம் இருக்கு. கைல குத்திச்சு. நான் திங்கக்கிழமை வழிச்சு விட்டிருக்கணும். தூங்கிட்டேன்.”

“ம்.”

“மூக்குக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி பதிஞ்ச தடம். இடது பக்கம் ஆழம் ஜாஸ்தி. அந்த எடத்துல மட்டும் தோல் வேற நெறம். காதுக்குப் பின்னாலயும் அதே மாதிரி ஒரு கோடு. நெத்தில மூணு சுருக்கம். நடு சுருக்கம் முழுசா வராது, பாதில நின்னுடும்.”

“அது எனக்கும் இருக்கு,” என்றாள் அக்கா.

“தெரியும்.”

“கண்ணாடி போட்டுத்தானே அனுப்பினீங்க?”

ஆந்தை சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தான். திறந்தான். இடது லென்ஸின் ஓரத்தில் ஒரு கட்டை விரல் ரேகை, எண்ணெய்ப் பசையோடு அப்படியே இருந்தது. சட்டை நுனியைப் பிடித்துத் துடைக்கப் போனவன், நிறுத்திக்கொண்டான்.

“இல்லக்கா. மறந்துட்டேன். எங்கிட்டதான் இருக்கு.”

அவள் முனையில் காற்று வீசிக்கொண்டிருந்தது. யாரோ அவளைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். அவள் அந்த ஊர் மொழியில் என்னவோ சொல்லி அனுப்பினாள்.

“இங்க ஒரே காத்து. பாதி காதுல விழல,” என்றாள். “இரு, உள்ள போய்க் கதவச் சாத்திட்டு உக்காந்துக்கறேன். மொதல்லேருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு.”

அவளுடைய காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

“ம், சொல்லு.”

“ஆண்,” என்று ஆரம்பித்தான்.